வெளிநாட்டில் மட்டும் கிடைத்த பழைய பாணி பைக்குகள்: அவற்றின் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது?

ஹோண்டா நிறுவனம் 1992 முதல் ஜப்பானில் விற்றுவந்த சிபி400 சூப்பர் ஃபோர் என்னும் மோட்டார் சைக்கிளின் உற்பத்தி 2022 அக்டோபரில் நின்றது. முப்பது ஆண்டுகள் விற்பனையில் இருந்த அந்த வண்டி இந்திய ஷோரூம் எதிலும் விற்பனைக்கு வந்ததில்லை, அமெரிக்காவிலும் வந்ததில்லை. ஆனாலும் இந்த நாடுகளில் பைக் பிரியர்களைக் கேட்டால், அதன் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் சுற்றுகளின் எண்ணிக்கையில்) குரல் மாற்றிக்கொள்ளும் என்பதுவரை சொல்லக்கூடியவர்கள் பலர் இருப்பார்கள். யமஹா எஸ்ஆர்400, கவாசாகி செஃபிர் போன்ற வண்டிகளுக்கும் இதே புகழ் உண்டு. தோற்றத்தில் இவை எல்லாமே எளியவை. உருண்டை ஹெட்லைட், வெளியே தெரியும் இன்ஜின், பின்சக்கரத்தின் இருபுறமும் இரண்டு ஷாக் அப்சார்பர், நேரான சீட். வேகத்திலும் விலையிலும் இவற்றை மிஞ்சும் பைக்குகள் எத்தனையோ இங்கேயே கிடைக்கும்போது, எட்டாத ஊரில் விற்ற இந்தச் சாதாரண வண்டிகள் மீது ஏன் இவ்வளவு ஆசை என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

முதலில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற வகையைத் தெரிந்துகொள்வோம். ஒரு பைக் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் ஓட்டுபவரின் கை, இடுப்பு, பாதம் ஆகிய மூன்றும் வண்டியில் எங்கே அமைகின்றன என்பதே தீர்மானிக்கிறது. பந்தய பாணி வண்டியில் ஹேண்டில்பார் தாழ்ந்தும் ஃபுட்ரெஸ்ட் பின்தள்ளி உயர்ந்தும் இருப்பதால், உடல் டேங்க்கின் மேல் கவிழ்ந்து எடையின் ஒரு பகுதி மணிக்கட்டில் இறங்குகிறது. க்ரூஸரில் கால்கள் முன்னே நீண்டு, முதுகின் அடிப்பகுதி பாரத்தைத் தாங்குகிறது. ஸ்டாண்டர்டு வண்டியில் பாதம் ஏறக்குறைய இடுப்புக்கு நேர் கீழே, சற்றே பின்னால் இருக்கும். கைகள் இயல்பாக நீளும் இடத்தில் ஹேண்டில்பார் இருக்கும். முதுகு நிமிர்ந்தோ மிக லேசாக முன்சாய்ந்தோ இருக்கும். குழியைக் கண்டால் காலை ஊன்றி எழவும், நெரிசலில் தலையைத் திருப்பி இருபுறமும் பார்க்கவும், நின்று நின்று போகும் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் தோள் வலிக்காமல் இறங்கவும் இந்த அமைப்பு இடம் தருகிறது. நம் ஊரில் ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ்100, புல்லட் எனத் தலைமுறைகள் ஓட்டிய வண்டிகள் அனைத்துமே இந்த வகைதான் என்பதால், ஸ்டாண்டர்டு வண்டியின் அருமையை நாம் பெயர் தெரியாமலே அறிந்திருக்கிறோம்.

பழைய பாணி என்பது இதன்மேல் வரும் இன்னொரு அடுக்கு. இன்றைய உலோகம், இன்றைய பிரேக், இன்றைய எரிபொருள் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு 1960, 70களின் உருவத்தில் செய்யப்படும் வண்டிகளையே இந்தப் பெயரில் அழைக்கிறார்கள். இவற்றில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புதிய வண்டிக்குப் பழைய உடை உடுத்துவது. மற்றொன்று, பழைய வண்டியை நிறுத்தாமலே செய்துகொண்டிருப்பது. இரண்டாவது வழியில் வந்தவை மிகச் சில. அவற்றில் ஒன்றான எஸ்ஆர்400ஐப் பிறகு சற்று நெருங்கிப் பார்ப்போம்.

இந்த உருவத்தின் மூலம் 1969இல் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த ஹோண்டா சிபி750, குறுக்குவாட்டில் வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர்கள், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பொத்தானை அழுத்தினால் உயிர்பெறும் ஸ்டார்ட்டர் ஆகிய மூன்றையும் சாதாரண வாடிக்கையாளர் வாங்கும் வண்டியில் ஒன்றாகக் கொண்டுவந்தது. 1972இல் கவாசாகி 903 சிசி இன்ஜினுடன் இசட்1 வண்டியை இறக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் நான்கு ஜப்பானிய நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் வண்டிகள் செய்ததால், அமெரிக்க பைக் பத்திரிகைகள் அவற்றுக்கு ‘யுனிவர்சல் ஜப்பானீஸ் மோட்டார் சைக்கிள்’ என்று பொதுப் பெயரே வைத்தன. எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதே என்ற குறை அந்தப் பெயரில் ஒலித்தாலும், ஒரே வண்டியில் வேலைக்கும் போகலாம், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மலைக்கும் போகலாம் என்ற பாராட்டும் அதற்குள் இருந்தது.

1980களில் திசை மாறியது. ஜப்பானில் பந்தய வண்டியின் அச்சு அசலான சாலை வடிவங்களுக்குப் பெரும் மோகம் கிளம்பியது. சுசுகி 1983இல் ஆர்ஜி250 காமாவையும் 1984இல் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் என்ற 400 சிசி வண்டியையும் இறக்க, மற்ற நிறுவனங்களும் ஆண்டுக்கு ஆண்டு புதிய மாடலுடன் போட்டிக்கு வந்தன. 400 சிசி வண்டிகள் 59 குதிரைத்திறனைத் தொட்டன. அதற்கு மேல் போவதில்லை என்று நிறுவனங்கள் தமக்குள் ஓர் உச்சவரம்பும் வைத்துக்கொண்டிருந்தன. இன்ஜின் முழுவதும் பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்தது. எல்லா வண்டிகளும் ஒரே வரம்பைத் தொட்டுவிட்டதால், எண்ணை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துப் பார்ப்பது கடினமானது. இளைஞர்களின் மணிக்கட்டும் இடுப்பும் அன்றாட ஓட்டத்தில் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில், 1989இல், கவாசாகி செஃபிர் வண்டியை அறிமுகப்படுத்தியது. காற்றில் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின், சிலிண்டருக்கு இரண்டே வால்வுகள், 399 சிசி, 46 குதிரைத்திறன். காகிதத்தில் ஒப்பிட்டால் போட்டியாளர்களைவிட 13 குதிரைத்திறன் குறைவு. தொழில்நுட்பத்தில் பத்தாண்டு பின்னோக்கிய நடை. பிளாஸ்டிக் உறை இல்லை. இசட்1 வண்டியின் சாயலில் டேங்க்கும் வாலும் இருந்தன. அந்த வண்டி ஜப்பானில் அமோகமாக விற்றது. வேறு நிறுவனங்களும் உடனே அதே வழியில் திரும்பின. உறையற்ற வண்டிகளுக்கு ‘நேக்கட்’ என்ற பெயர் அங்கே நிலைத்தது. ஹோண்டாவின் சிபி400 சூப்பர் ஃபோர் இந்த அலையில்தான் 1992இல் வந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. செஃபிரை வாங்கிய பலர் இசட்1 வந்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள். தாங்கள் ஓட்டியிராத காலத்தின் நினைவை அவர்கள் விலைகொடுத்து வாங்கினார்கள் என்பதைவிட, உடலுக்கு ஒத்துப்போகும் வண்டியை, கண்ணுக்குத் தெரியும் இன்ஜினை வாங்கினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். பழைய பாணியின் கவர்ச்சியை வெறும் ஏக்கமாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இனி, ஏன் சரியாக 400 சிசி என்ற கேள்விக்கு வருவோம். இந்த வண்டிகள் ஏன் வெளிநாட்டில் மட்டும் விற்றன என்பதற்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானில் 1975இல் ஓட்டுநர் உரிம முறை மாற்றப்பட்டு, 400 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டத் தனித் தேர்வு தேவைப்பட்டது. வண்டியை ஓட்டிக் காட்டும் அந்தத் தேர்வில் அரசின் தேர்வு மையத்தில் மட்டுமே கலந்துகொள்ள முடிந்தது; பலமுறை தோற்ற பிறகே தேறினோம் என்று சொல்பவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். 1996இல்தான் பெரிய வண்டிகளுக்கான உரிமத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலேயே பயின்று பெறலாம் என்ற வசதி வந்தது. ஆக, இருபது ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலான ஜப்பானியர்கள் கைக்கு எட்டிய மிகப் பெரிய பைக் 400 சிசிதான். வேறு நாடுகளில் இது இடைப்பட்ட அளவு. ஜப்பானில் இது உச்சம். உச்சத்தில் இருப்பதற்கு உரிய கவனத்தை நிறுவனங்கள் அதற்குக் கொடுத்தன. நான்கு சிலிண்டர், இரட்டை டிஸ்க், நேர்த்தியான வார்ப்பு, கண்ணாடிபோல் பளபளக்கும் பெயின்ட் என்று 1000 சிசி வண்டிக்குச் செய்யும் வேலையை 400 சிசி வண்டிக்குச் செய்தார்கள்.

அப்படிச் செய்த வண்டியின் விலை அதே அளவில் ஏறிவிடுகிறது. ஒரு நான்கு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன், வால்வு, பேரிங் ஆகியவற்றின் எண்ணிக்கை சிசி குறைந்ததால் குறைவதில்லை. எனவே 400 சிசி நான்கு சிலிண்டர் வண்டிக்கும் 600 சிசி நான்கு சிலிண்டர் வண்டிக்கும் தயாரிப்புச் செலவில் பெரிய இடைவெளி கிடையாது. உரிமத்தில் சிசி படிநிலை இல்லாத அமெரிக்காவில், ஏறக்குறைய அதே பணத்துக்குப் பெரிய இன்ஜின் கிடைக்கும்போது சிறியதை வாங்க யாரும் முன்வரமாட்டார்கள். ஐரோப்பாவில் தடை வேறு விதமானது. 2013 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த ஏ2 உரிமம் சிசியைப் பார்ப்பதில்லை. 35 கிலோவாட் திறனைத்தான் வரம்பாக வைக்கிறது. சூப்பர் ஃபோரின் 53 குதிரைத்திறன் ஏறக்குறைய 39 கிலோவாட். ஒரு சில கிலோவாட் வித்தியாசம்தான். ஆனால் சட்டத்தின் முன் அது வேறு வகுப்பு. அந்த உரிமத்துக்கென்றே ஹோண்டா 471 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைத் தனியாகச் செய்தது.

இதற்கு மறுபக்கச் சான்று சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே மோட்டார் சைக்கிள் உரிமம் மூன்று படிகள் கொண்டது: 200 சிசி வரை 2பி, 201 முதல் 400 சிசி வரை 2ஏ, அதற்கு மேல் 2. இரண்டாம் படியின் உச்சவரம்பு ஜப்பானின் வரம்போடு அப்படியே பொருந்துகிறது. விளைவாக, சூப்பர் ஃபோர் அங்கே பெரும் செல்வாக்குப் பெற்றது. 2ஏ தேறியவுடன் ‘சூப்பர் ஃபோர்’ எடுப்பது அந்த ஊரின் பைக் ஓட்டிகளிடையே ஒரு வழக்கமாகவே இருந்தது. சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்கள் பலருக்கும் அந்தப் பெயர் பழக்கமானது இப்படித்தான். புதிய ஓட்டிகளுக்குத் திறனுக்கும் எடைக்குமான விகிதத்தை வரம்பாக வைத்திருக்கும் ஆஸ்திரேலியாவிலும் அந்த வண்டி சில ஆண்டுகள் அதிகாரபூர்வமாக விற்றது. வண்டி எங்கே போகும், எங்கே போகாது என்பதை வாடிக்கையாளரின் ரசனையைக் காட்டிலும் போக்குவரத்துத் துறையின் விதிப்புத்தகம் தீர்மானித்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

சூப்பர் ஃபோரின் இன்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது பந்தய பாணி வண்டிகளுக்காக உருவான, திரவத்தால் குளிரும் 399 சிசி இன்ஜினின் வழித்தோன்றல். நான்கு சிலிண்டர்கள் என்பதால், பிஸ்டன்கள் சேர்ந்து சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. ஒவ்வொரு பிஸ்டனும் சுமார் 100 சிசி மட்டுமே கொண்ட சிறிய பிஸ்டன் என்பதால் அதிர்வு மிகக் குறைவு. உச்சத் திறன் 10,500 ஆர்பிஎம் அருகில்தான் கிடைக்கும். 1999இல் ஹோண்டா இதில் ஹைப்பர் விடெக் என்ற அமைப்பைச் சேர்த்தது. குறைந்த ஆர்பிஎம்மில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளே இயங்கும். 6,750 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு உலோக முளையைத் தள்ள, மீதி இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் மென்மையான உறுமல் கூர்மையான கத்தலாக மாறும். நகரத்தில் பணிவான வண்டியாகவும் திறந்த சாலையில் துள்ளும் வண்டியாகவும் ஒன்றே இருப்பது இதனால்தான். ஜப்பானிய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் மாணவர்களுக்குத் தரும் வண்டியாகவும் சூப்பர் ஃபோர் பல ஆண்டுகள் இருந்தது. எண்ணற்ற ஜப்பானியர்கள் முதன்முதலாகக் கிளட்ச் விட்டதே அந்த வண்டியில்தான் என்னும்போது, அதன்மீது அவர்களுக்குள்ள பற்றில் ஒரு பகுதி இன்ஜினுக்கு அப்பாற்பட்டது.

எஸ்ஆர்400 முற்றிலும் வேறு சுபாவம். 1978இல் எஸ்ஆர்500 என்ற வண்டியோடு சேர்ந்து பிறந்தது. 500இல் பிஸ்டனின் விட்டம் 87 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 84 மில்லிமீட்டர். 400இல் விட்டம் அதே 87, தூரம் மட்டும் 67.2. உரிம வரம்புக்குள் வரவேண்டும் என்பதற்காக அந்தத் தூரத்தை, அதாவது பிஸ்டனின் ஓட்டத்தை, குறைத்து 399 சிசிக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய விட்டமும் குறுகிய ஓட்டமும் சேர்ந்ததால், தன் அண்ணனைவிடச் சற்று துறுதுறுப்பாகச் சுழலும் தனிக் குணம் அதற்கு அமைந்துவிட்டது. ஒரு சட்ட எண் ஓர் இன்ஜினின் சுபாவத்தையே வடித்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. இன்ஜின் ஆயிலுக்குத் தனித் தொட்டி கிடையாது. வண்டியின் ஃபிரேம் குழாயே தொட்டி.

அதைவிட, எஸ்ஆரை எஸ்ஆர் ஆக்குவது அதன் கிக் ஸ்டார்ட். 1978 முதல் 2021இல் விடைபெறும்வரை அதற்கு செல்ஃப் ஸ்டார்ட் வைக்கப்படவேயில்லை. கிளப்பும் முறையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இடப்பக்க ஹேண்டில்பாரில் கிளட்ச் லீவருக்கு அருகே இன்னொரு சிறு லீவர் உண்டு. அதை இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு லேசாகத் திறந்து சிலிண்டரின் அழுத்தம் வெளியேறும். அதைப் பிடித்தபடியே கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டின் வலப்புறத்தில் ஒரு சிறிய வட்டக் கண்ணாடி இருக்கிறது; வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் திரும்பும்போது அதில் வெள்ளி நிறக் குறி ஒன்று வந்து நிற்கும். பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. இனி லீவரை விட்டுவிட்டு, கிக்கரை முழுதாக மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கடைசிவரை ஒரே சீராக மிதிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாதியில் விட்டால் கிளம்பாது. பலம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை, வரிசைதான் முக்கியம். பிஸ்டன் என்பது என்ன, அழுத்தம் எங்கே கூடுகிறது, வால்வு ஏன் திறக்கிறது என்ற பாடம் ஒவ்வொரு காலையும் ஓட்டுபவரின் காலுக்கும் கண்ணுக்கும் நடந்துவிடுகிறது. பழைய புல்லட்டில் அம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்து மிதித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சடங்கின் இன்பம் உடனே விளங்கும்.

யமஹாவின் பிடிவாதம் எவ்வளவு என்பதற்கு இன்னொரு செய்தி: முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்குடன் தொடங்கிய வண்டிக்கு, 1985இல் மேலும் பழைய தோற்றம் வேண்டும் என்று டிரம் பிரேக் பொருத்தினார்கள், 2001இல்தான் டிஸ்க் திரும்பியது. பழைமையை விரும்பிப் பின்னோக்கிப் போன அந்த முடிவு, பிரேக் பிடிப்பைப் பொறுத்தவரை சரியானதல்ல என்றே நினைக்கிறேன். கவர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் இடையே தேர்வு வந்தால் பாதுகாப்பு வெல்ல வேண்டும். 2001இல் வந்த திருத்தம் வண்டியின் அழகை எந்த விதத்திலும் குறைக்கவில்லை.

இத்தகைய வண்டிகளை முடிவுக்குக் கொண்டுவந்ததும் சட்டம்தான். காற்றில் குளிரும் இன்ஜினின் வெப்பநிலை காற்று, வேகம், நெரிசல் ஆகியவற்றைப் பொறுத்து ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், புகை அளவைக் கட்டுக்குள் வைப்பது கடினம். எஸ்ஆர்400 இதனாலேயே 2008இல் நிறுத்தப்பட்டு, கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுடன் 2009இன் இறுதியில் மீண்டு வந்தது. 2017இல் மீண்டும் இடைவெளி, 2018இல் மீண்டும் வருகை. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மாடல்களுக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்ற ஜப்பானிய விதி 2021 அக்டோபரில் நெருங்கியபோது, யமஹா ‘ஃபைனல் எடிஷன்’ அறிவித்தது. அதன் சிறப்புப் பதிப்பு 1,000 வண்டிகள் மட்டுமே. சூப்பர் ஃபோரை நிறுத்தியது ஐரோப்பாவின் யூரோ 5க்கு நிகரான புகை விதி. அந்த இன்ஜினை மேலும் தூய்மையாக்கச் செலவிட்டால் அதைத் திருப்பி எடுக்க ஜப்பான் என்ற ஒற்றைச் சந்தையின் விற்பனை போதாது. ஒரே நாட்டுக்காகச் செய்யப்பட்டதால் வந்த சிறப்பே அதன் பலவீனமாகவும் ஆனது. கடைசி வண்டிகள் விற்றுத் தீர்ந்ததும் பழைய வண்டிகளின் விலை ஏறியதில் வியப்பில்லை.

வாங்குபவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பான் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கெடுப்புகளின்படி, அங்கே புதிய பைக் வாங்குபவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இளமையில் ஓட்டி, குடும்பப் பொறுப்புக்காக விட்டு, பிள்ளைகள் வளர்ந்த பின் திரும்பி வரும் இவர்களுக்குக் கையில் பணமும் உண்டு, இடுப்பில் வலியும் உண்டு. நிமிர்ந்து உட்காரும் வண்டி அவர்களுக்கு ரசனை சார்ந்தது மட்டுமல்ல, உடல் சார்ந்த தேவையும்கூட. ஹோண்டா 2010இல் ஜப்பானில் சிபி1100 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. திரவக் குளிர்ப்பு எங்கும் பரவிவிட்ட காலத்தில், புதிதாக ஒரு பெரிய நான்கு சிலிண்டர் காற்றுக் குளிர்ப்பு இன்ஜினை வடிவமைத்து, அதன்மேல் வெப்பத்தை வெளியேற்றும் தகடு போன்ற துடுப்புகளை மெல்லியதாக வார்க்க உழைத்தார்கள். அந்த வண்டி அமெரிக்காவுக்குப் போகச் சில ஆண்டுகள் ஆயின. 2021இல் ஜப்பானில் அதற்கும் ஃபைனல் எடிஷன் வந்துவிட்டது.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் ஓர் உண்மையான பங்கு உண்டு. அது திசை திரும்பிய பங்கு. 2020 செப்டம்பர் இறுதியில் ஹோண்டா இந்தியாவில் ஹைனஸ் சிபி350 வண்டியை அறிமுகப்படுத்தியது. ஒற்றைச் சிலிண்டர், காற்றுக் குளிர்ப்பு, 348 சிசி, 90.5 மில்லிமீட்டர் நீண்ட பிஸ்டன் ஓட்டம். ராயல் என்ஃபீல்டு ஆளும் 350 சிசி சந்தையைக் குறிவைத்துச் செய்த வண்டி. சில மாதங்கள் அது இந்தியாவில் மட்டும் விற்றது. அப்போது ஜப்பானிய ரசிகர்களுக்கு அது எட்டாத வெளிநாட்டு வண்டி. 2021 ஏப்ரலில் ஜிபி350 என்ற பெயரில் ஜப்பானில் 5,50,000 யென் விலைக்கு வந்து நன்றாக விற்றது. ஜப்பானுக்கு 400 எப்படியோ, இந்தியாவுக்கு 350 அப்படி ஓர் எல்லைக்கோடாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமும் என்று வகுத்த பிறகு அந்தக் கோடு இன்னும் ஆழமாகியிருக்கிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் பழைய பாணியை விரும்புவோரிடம் போய்ச் சேர்கின்றன. நமக்கு அன்றாடமான ஒன்று, அவர்களுக்குத் தேடிப்போய் வாங்கும் பொருள்.

அப்படியானால், எட்டாத வண்டியின்மீது எழும் ஆசையில் எவ்வளவு வண்டிக்கு உரியது, எவ்வளவு தூரத்துக்கு உரியது? இரண்டும் கலந்தே இருக்கின்றன என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கிடைக்காத பொருளின் குறைகள் கண்ணில் படுவதில்லை. சூப்பர் ஃபோர் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறைந்தது. சென்னையின் மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் இரண்டு பேரோடு போகும்போது அடிக்கடி கியர் குறைக்க வேண்டியிருக்கும். எஸ்ஆர்400 கடைசிக் காலத்தில் 24 குதிரைத்திறன்தான். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாகப் போனால் ஒற்றைப் பிஸ்டனின் அதிர்வு கையை மரத்துப்போகச் செய்யும். இவற்றை அறிந்த பிறகும் மிஞ்சும் கவர்ச்சி ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட நாட்டின் சாலை, உரிமம், மக்களின் உடல்வாகு, அவர்களது பொறுமை ஆகிய அனைத்துக்கும் பொருந்துமாறு, பத்துப் பதினைந்து முறை திருத்தித் திருத்திச் செம்மையான வண்டி அது. உலகம் முழுவதற்கும் ஒரே மாடல் என்று செய்யப்படும் வண்டியில் இந்தப் பொருத்தம் அமைவது அரிது. சூப்பர் ஃபோரின் 1992 மாடலையும் 2022 மாடலையும் அருகருகே வைத்தால், டேங்க்கின் வளைவும் சீட்டின் கோடும் ஒரே குடும்பம் என்று சொல்லும். உள்ளே கார்புரேட்டர், வால்வு, பிரேக், விளக்கு எல்லாம் ஒவ்வொன்றாக மாறியிருக்கும். முப்பது ஆண்டு பொறுமையாகத் தொடரும் இந்தத் திருத்தத்தைத்தான், கண்டவுடன் ஏனென்று சொல்லத் தெரியாமல், ரசிகர்கள் விரும்புகிறார்கள்.

சரி, இந்தியாவில் இருப்பவர் இவற்றில் ஒன்றை வாங்க முடியுமா? நடைமுறையில் மிகக் கடினம். பயன்படுத்திய வண்டியை இறக்குமதி செய்ய, அது தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும் என்பன போன்ற விதிகள் உள்ளன. உற்பத்தி நின்ற வண்டிகளுக்கு அந்த வயது வரம்பு விரைவிலேயே கதவை மூடிவிடுகிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இங்கே 2019 முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், ஏபிஎஸ் இல்லாத எஸ்ஆர்400 அந்தத் தடையிலேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் தாண்டி வந்தாலும், ஒரு கேஸ்கெட்டோ கேபிளோ தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கம் கட்டி, பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேட வேண்டும். தாள்கள் சரியில்லாத வண்டியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்பவர்களிடம் வாங்குவது, வண்டியும் பணமும் சேர்ந்து போவதற்கான வழி. அதை எந்த ஆசைக்காகவும் செய்யக் கூடாது.

ஓட்டிப் பார்க்க மட்டும் ஆசை என்றால் வழி எளிது. ஜப்பானின் பெரிய நகரங்களில் மோட்டார் சைக்கிள் வாடகைக் கடைகள் உள்ளன. 400 சிசி வகுப்புக்கு அங்கே தனிக் கட்டணப் பட்டியலே உண்டு. உற்பத்தி நின்ற மாடல்கள் எல்லாக் கடைகளிலும் இருக்காது என்பதால், வேண்டிய வண்டி எந்தக் கிளையில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்துகொள்வது நல்லது. நம்மைப் போலவே அவர்களும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி அமைந்தது என்பதால் ஜப்பானில் செல்லும். அந்த அனுமதிப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிளுக்குரிய ஏ பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்பதை மட்டும் ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். காருக்குரிய முத்திரை மட்டும் இருந்தால் கடைக்காரர் சாவியைத் தரமாட்டார்.